வடிதுணியும் கண்ணகியின் வழக்கும்

கேள்வி:

அம்மா, எனக்கு 27 வயது. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். நாங்கள் நயினார், தமிழ்ச் சமணர்கள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பாட்டி கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். அப்புறம் துணியைத் திருப்பி, அதே கிணற்றில் அலசி விடுவார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒட்டியிருந்தால் அவை பிறந்த இடத்துக்கே போகட்டும் என்பார். அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தோலில் சம்பளம். பாலாற்றோரம் தோல் ஆலைக் கழிவால் கிணறு கெட்டுப்போன விவசாயிகளைப் பற்றிப் பேசினால், "அவரவர் வினைப்பா" என்கிறார் பாட்டி. தீர்ப்புச் சொல்லக் கடவுள் இல்லை, எல்லாம் வினை என்றால் நியாயம் கேட்கவே இடமில்லையா?

கூட வேலை செய்யும் பெண்ணை விரும்புகிறேன். சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் மத வழக்கப்படி இருட்டிய பிறகு நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்து, ஒரு நாள் சாயங்காலம் அஞ்சரை மணிக்கே டிபன் பாக்ஸை நீட்டினாள். "வெங்காயம் போடல, தேங்காய்ச் சட்னிதான்" என்றாள். அவள் கேட்டாள்: "படைச்ச சாமியே இல்லைன்னா நீங்க யார்கிட்ட ஜெபம் பண்ணுவீங்க?" எனக்குப் பதில் வரவில்லை.

கவிதை எழுதுகிறேன். துறவு மதத்துக்காரனுக்குக் காதல் கவிதை எதற்கு, தோல் கம்பெனிக்காரனுக்கு நீதிக் கவிதை எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சில கவிதைகளை இணைத்திருக்கிறேன். எழுதலாமா, விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம், வாலாஜாபேட்டை)

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது பாட்டியின் துணிதான். வடிகட்டுவது நம் வயிற்றுக்காக. அந்தத் துணியைத் திருப்பிக் கிணற்றில் அலசுவது அந்த உயிர்களுக்காக. இரண்டாவது வேலையைச் செய்யாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அவர் செய்கிறார். "அவரவர் வினை" என்று வாயால் சொல்பவர் கையால் செய்வதைப் பாருங்கள். அந்தப் பூச்சியின் வினைப்படி அது சாகட்டும் என்று அவர் துணியை வெயிலில் உதறிக் காயப் போடவில்லையே.

வினையா நியாயமா என்ற உங்கள் கேள்விக்குச் சிலப்பதிகாரத்தைத்தான் நான் எடுப்பேன். முப்பது வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. கோவலன் சாவுக்கு முற்பிறப்பு வினைதான் காரணம் என்று அந்தக் காப்பியமே சொல்கிறது. முற்பிறப்பில் அவன் பரதன் என்ற பெயரோடு இருந்தபோது, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்ல வைத்தான். ஆனால் மதுராபதித் தெய்வம் இதைக் கண்ணகியிடம் எப்போது சொல்கிறது? அவள் அரசவையில் சிலம்பை உடைத்துக் காட்டி, பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிரை விட்டு, மதுரை எரிந்த பிறகு. வழக்கு நடந்து, தீர்ப்பும் ஆகி, அதற்கப்புறம்தான் வினை என்ற பேச்சே வருகிறது. "கோவலனின் வினை அது, நான் என்ன செய்ய?" என்று பாண்டியன் சொல்லவில்லை. தானே கள்வன் என்றான். அப்படி அவன் சொன்னதால்தான் இன்றைக்கும் நாம் அவனை மன்னிக்கிறோம்.

ஆகவே வினை என்பது இழந்தவள் தன் துயரத்தைத் தாங்கிக்கொள்ள உதவும் சொல். அதைக் குற்றம் செய்தவன் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டுக்கொண்டு நிற்பவனும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிணறு கெட்ட விவசாயி தானே "என் வினை" என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டால் அது அவர் உரிமை. நீங்களும் நானும் அவரிடம் போய்ச் சொன்னால் அது அநியாயம்.

பாலாற்றுக்காக நம் ஊர்க்காரர்கள் வினையை நம்பிச் சும்மா இருந்துவிடவில்லை. வேலூர்க் குடிமக்கள் மன்றம் ஒன்று தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதற்குப் பிறகும் 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்க அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருடம். அதற்குள் எத்தனை பேர் கிணற்றை மூடிவிட்டு ஊரை விட்டுப் போயிருப்பார்கள்! எனக்கு இதைச் சாந்தமாக எழுத வரவில்லை, தம்பி.

வேலையை விட வேண்டுமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. உங்கள் மதத்தில் துறவிக்கு மாவிரதம், அதாவது முழு நோன்பு; இல்லறத்தாருக்கு அணுவிரதம், அதே நோன்பின் சிறிய அளவு. அணுவிரதம் ஐந்தில் கொல்லாமைக்கு அடுத்து நிற்பது பொய்யாமை. நீங்கள் கணக்கர். கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவு என்ற வரி மாதா மாதம் உங்கள் மேசைக்கு வருமே, அந்த எண்ணை உள்ளபடி எழுதுங்கள். மாற்றி எழுதச் சொன்னால் அன்றைக்கே வெளியே வாருங்கள். அதுவரை, வீட்டுச் செலவுக்குப் பணம் எதிர்பார்க்கும் ஊர்க் குடும்பத்தை மறந்து அவசரப்பட வேண்டாம்.

அடுத்து, நண்பர்கள் கேட்டது. துறவு மதத்துக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் தமிழ் படிக்கவில்லை. சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றே ஒரு பெயர் உண்டு. எழுதிய திருத்தக்கதேவர் சமண முனிவர். இதைவிட எனக்கு நெருக்கமானவர் கவுந்தி அடிகள். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடக்கும்போது துணைக்கு வரும் சமணத் துறவி. கையில் பிச்சைப் பாத்திரமும் மயிற்பீலியும். வயல் வழியாகப் போனால் வரப்பில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடுமே, அந்தத் துன்பத்தைத் தாங்க முடியாதே என்று வழி சொல்லும்போதே கவலைப்படுகிறார். அந்த இருவரையும் யாரோ வம்பர்கள் கேலி பேசியதும் அதே அடிகளுக்குக் கோபம் வந்து, நரியாகப் போகச் சபிக்கிறார். கேலிக்கு ஆளான கோவலனும் கண்ணகியுமே அவர்களுக்காக மன்றாட, சாபம் பன்னிரண்டு மாதத்தோடு தீரும் என்று கெடு வைக்கிறார். கடைசியில் கோவலன், கண்ணகியின் கதி தெரிந்ததும் உண்ணா நோன்பிருந்து உயிரை விடுகிறார். எல்லாவற்றையும் துறந்தவர், ஒரு கணவன் மனைவிக்காகச் செய்தது இது. உங்கள் நண்பர்களுக்கு நான் வேறு பதில் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணின் கேள்வி நல்ல கேள்வி. மழுப்பாதீர்கள். நீங்கள் தினமும் சொல்லும் பஞ்ச நமஸ்காரத்தையே அவளுக்குச் சொல்லுங்கள். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்று ஐந்து வகையாருக்கு வணக்கம். அதில் ஒரு தனி ஆளின் பெயர் கிடையாது. அதைக் கொடு, இதைக் கொடு என்ற வேண்டுதலும் கிடையாது. ஜெபம் என்றால் கேட்பது என்று வளர்ந்தவளுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். இருக்கட்டும். அவள் ஜெபத்தையும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணம் என்று வந்தால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, யாரும் மதம் மாற வேண்டாம், 30 நாள் முன்னறிவிப்பு மட்டும் தர வேண்டும். ஆனால் அந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்து இரண்டு வீட்டிலும் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். முதலில் பாட்டியிடம் நீங்களே சொல்லுங்கள்.

அஞ்சரை மணி டிபன் பாக்ஸைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பல வருடம் முன்பு என் வகுப்பில் ஒரு நயினார் வீட்டுப் பெண் இருந்தாள். மாலைச் சிறப்பு வகுப்பில் இருட்டும் முன் சாப்பிட்டுவர அனுமதி கேட்டாள். "படிப்பு முக்கியமா, சாப்பாடு முக்கியமா?" என்று உட்கார வைத்துவிட்டேன். அன்று இரவு அவள் பட்டினி. மறுநாள் அவள் அம்மா வந்து மெதுவாகச் சொன்ன பிறகுதான் எனக்கு விவரமே தெரிந்தது. நாலடியாரும் நன்னூலும் சமணர் தந்தவை என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே கைதான் அவளை உட்கார வைத்தது. உங்கள் தோழி யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டிருக்கிறாள்.

இனி கவிதைகள். "பாலாறே, என் தாயே" என்று தொடங்கும் நீளக் கவிதையை எடுத்து வைத்துவிடுங்கள். அதில் கோபம் இருக்கிறது, ஆனால் நீங்கள் எங்குமே இல்லை. நான்கே வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே:

விளக்கேற்றும் முன்
பாட்டி இலையை மடித்துவிடுவாள்.
சுடரில் விழ வரும் பூச்சிக்கு
அவள் விட்டுக்கொடுத்த இரவு.

இதை எழுதியவர் எழுதுவதை விடக் கூடாது. இப்படியே ஆற்றைப் பற்றியும் எழுதுங்கள், சம்பள நாளும் அதில் வரட்டும். தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது மூக்கில் ஏறும் வாடையும் வரட்டும். கை சுத்தமான பிறகுதான் நீதியைப் பற்றி எழுதுவேன் என்று காத்திருந்தால் யாருமே எழுத முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் போளூர்ப் பக்கம் திருமலைக்கு அழைத்துப் போங்கள். வள்ளிமலையிலும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் அருகர்கள், உண்டு, அது பக்கம்தான். ஆனால் உங்களுக்குத் திருமலைதான் சரி. சுமார் 16 அடி உயரத்துக்கு நேமிநாதர் என்ற தீர்த்தங்கரர் பாறையிலேயே நிற்கிறார். அவர் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். கல்யாண ஊர்வலத்தில் போகும்போது, விருந்துக்காக அடைத்துவைத்த விலங்குகளின் கதறலைக் கேட்டு, மணமேடைக்குப் போகாமலே துறவு பூண்டவர். காத்திருந்த மணப்பெண் ராஜமதி. பின்னால் அவளும் துறவியானாள். காதலியிடம் சொல்லக் கூடிய கதையா என்று தயங்குவீர்கள். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள், அவள் என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். அந்தக் கதறலும் ராஜமதியின் காத்திருப்பும் சேர்ந்த கவிதை ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். தோல் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு பெண்ணை விரும்பவும் செய்யும் சமணர்தான் அதை எழுத முடியும்.

இன்னொன்று. ஊருக்குப் போனால் பாட்டியிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்: வீட்டுக்குக் குழாய் வந்த பிறகு, அந்த வடிதுணியை எங்கே அலசுகிறார்?