வேர்முடிச்சின் கணக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பரிணாமம் என்றால் போட்டி என்றுதான் படித்திருக்கிறேன். அப்படியானால் தேனீ ஏன் கொட்டிவிட்டுச் சாகிறது? எறும்பு ஏன் ராணியின் பிள்ளைகளை வளர்த்தே காலத்தைக் கழிக்கிறது? இனத்தின் நன்மைக்காக என்கிறார்கள். நம்பலாமா? அல்லது எல்லாமே ஒளித்துவைத்த சுயநலம்தானா?

கே.

அன்புள்ள கே,

‘இனத்தின் நன்மை’ என்பதை முதலில் விட்டுவிடுங்கள். எல்லோரும் பொதுவுக்காக உழைக்கும் கூட்டத்தில், உழைக்காமல் பலனை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒன்று பிறக்கிறது என்று வையுங்கள். மிச்சமான சக்தியில் அது கூடுதலாகக் குட்டி போடும். சில தலைமுறைகளில் கூட்டமெங்கும் அதன் வாரிசுகள்தான் இருக்கும். ஏமாற்றுபவை ஒத்துழைப்பை ஏன் தின்று தீர்க்கவில்லை என்று விளக்கினால்தான் அது விளக்கம்.

தேனீக்கும் எறும்புக்கும் 1964ல் பரிணாம உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் விடை சொன்னார். ராணியின் பிள்ளைகள் வேலைக்காரத் தேனீக்கும் எறும்புக்கும் உடன்பிறந்தவர்கள். உடன்பிறந்தவர்களிடமும் அதே மரபணுக்கள் பலவற்றின் பிரதிகள் இருக்கின்றன. அவர்களைப் பிழைக்கவைக்கும் மரபணு அவர்கள் வழியாகவே பரவுகிறது. அங்கும் காவல் உண்டு. ஒரு வேலைக்காரத் தேனீ தானே முட்டையிட்டால், மற்றவை அதைத் தேடிப்பிடித்துத் தின்றுவிடுகின்றன.

ஆனால் என் மனம் மீண்டும் மீண்டும் போய் நிற்பது உறவே இல்லாதவற்றின் கூட்டில்தான். சோயா செடியின் வேர்முடிச்சுகளில், அதாவது வேரில் உருண்டு திரளும் சிறு புடைப்புகளில், ரைசோபியம் வகைப் பாக்டீரியா வாழ்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. செடி தன் இலைகளில் உண்டாக்கிய உணவைக் கொடுக்கிறது. நைட்ரஜனை மாற்றுவது மிகுந்த சக்தியை விழுங்கும் வேலை. அதைச் செய்யாமல் உணவை மட்டும் வாங்கிக்கொண்டால் பாக்டீரியாவுக்கு லாபம்தானே?

டோபி கியர்ஸும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2003ல் வெளியிட்டார்கள். சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜன் அநேகமாக இல்லாத காற்றை வைத்தார்கள். பாவம், அந்தப் பாக்டீரியாக்கள் சோம்பேறிகள் அல்ல. வேலை செய்ய வழியில்லாதவை. செடிக்கு அந்த வேறுபாடு தெரியாது. வரவு நின்ற முடிச்சுகளுக்குள் அது ஆக்சிஜன் போவதைக் குறைத்தது. அங்கே பாக்டீரியாக்களின் பெருக்கம் ஏறக்குறைய பாதியானது. மூளையோ நரம்போ இல்லாத ஒரு செடி முடிச்சு முடிச்சாகக் கணக்கைத் தீர்க்கிறது. இதை முதன்முறை படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பவளப்பாறைகளில் மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீனுக்கு, உண்மையில் அந்த மீன்களின் உடலை மூடிய சளிப்படலம்தான் அதிகம் பிடிக்கும். அதைக் கடித்தால் வந்த மீன் துரத்தும், அல்லது வேறிடம் போய்விடும். பக்கத்தில் இன்னொரு மீன் பார்த்துக்கொண்டிருந்தால் துப்புரவு மீன் ஒழுங்காக நடந்துகொள்கிறது.

அப்படியானால் எல்லாம் சுயநலமா? அந்தச் சொல்லே இங்கே பொருந்தாது என்பேன். சுயநலத்துக்கு ஓர் எண்ணம் வேண்டும். வேர்முடிச்சுக்கு எண்ணம் கிடையாது. ஒத்துழைப்பவை அதிகம் பெருகும் சூழல் இருக்கிறதா என்பதே அங்கு கேள்வி. இருந்தால் அது மிக ஆழமாகப் போகும். நம் செல்களுக்குள் சக்தி உண்டாக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. இன்று அது செல்லை விட்டுப் பிழைக்காது. அதன்றி நாமும் இல்லை.

அந்தக் கூட்டிலும் பிணக்கு ஓயவில்லை. பெரும்பாலான பூச்செடிகளில் மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும், மகரந்தத்தால் அதற்குப் பயனில்லை. அதனால் சில செடிகளில் அது மகரந்தத்தையே மலடாக்கிவிடுகிறது. அதை முறியடித்து மகரந்தத்தை மீட்கும் மரபணுக்கள் அதே செடிகளின் செல் உட்கருவில் உருவாகியிருக்கின்றன.

அன்புடன்.