யாருடைய இருபது நிமிடம்?

கேள்வி: வேலை காரணமாக மூன்று மாதத்தில் குடும்பத்தோடு புது நகரத்துக்குப் போகிறோம். மகள் ஆறாம் வகுப்பு, மகன் முதல் வகுப்பு. நல்ல பள்ளிகள் உள்ள புறநகராகப் பார்த்து உடனே வீடு வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா?
(இரண்டு பிள்ளைகளின் அம்மா)

வாடகை. குறைந்தது ஒரு பள்ளி ஆண்டு.

உங்கள் கணவரைப் போல நானும் ஒரு காலத்தில் அவசரப்பட்டவன்தான். பதினொரு நாளில் வீடு வாங்கினேன். பார்க்கப் போனது ஞாயிற்றுக்கிழமை மதியம். தெரு அமைதி, மரம், நிழல், பக்கத்திலேயே பள்ளி. திங்கட்கிழமை காலை 7.40க்கு வண்டியை எடுத்தபோதுதான் எங்கள் பேட்டைக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட் இருப்பதன் அர்த்தம் புரிந்தது. கேட் விழுந்தால் முதலில் சரக்கு ரயில், அது போனதும் எதிர்த் திசையில் ஒன்று, அப்புறம்தான் திறப்பார்கள். சரக்குப் பெட்டிகளை எண்ணியே என் மகன் நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டான். அந்த வீட்டால் கிடைத்த ஒரே கல்வி அதுதான்.

முதலில் பள்ளி, அடுத்து ரயில் அல்லது பஸ் வழித்தடம், கடைசியில் வீடு. நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறோம். சமையலறை பிடித்துப்போய் முன்பணம் கொடுத்துவிட்டு, அப்புறம் பள்ளி தேடுகிறோம். உங்கள் வீட்டில் இரண்டு வயதுக் கணக்கு வேறு இருக்கிறது. மகளுக்கு நடுவில் சேர வேண்டும். மேல் வகுப்புகளில் காலியிடம் பெரும்பாலும் யாராவது விலகினால்தான் வரும். மகனுக்கு அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட வேண்டும். இருவரையும் ஒரே பள்ளி சேர்த்துக்கொள்ளுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு பிள்ளைகள் இரண்டு திசையில் போனால், காலையில் நீங்கள் மூன்றாவது திசையில் ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. மதியம் பன்னிரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல். உங்கள் இருவரில் யார், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும்? ஆபீசுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை யாரும் அளப்பதில்லை. அளந்து பாருங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் 'நகர மையத்துக்கு 20 நிமிடம்' என்று போட்டிருக்கிறது. மேப் 35 நிமிடம் காட்டுகிறது. எதை நம்புவது?
(மாற்றலாகி வரும் ஊழியர்)

இரண்டையும் நம்பாதீர்கள். இந்த இருபது நிமிடத்தின் மேல் எனக்குப் பல வருடக் கடுப்பு உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடம், சரி. எங்கிருந்து எங்கே? எத்தனை மணிக்கு? யாருடைய காலால்? பெரும்பாலும் அது ரயில் அந்த நிலையத்தை விட்டுக் கிளம்பி இன்னொரு நிலையத்தில் நிற்கும் வரையிலான நேரம் மட்டும். இல்லையென்றால் ஊர் தூங்கும் இரண்டு மணிக்கு வெறும் சாலையில் ஓட்டிப் பார்த்த நேரம். நாம் வசிக்கப் போவது நடைமேடையில் இல்லை. என் வீட்டையும் 'இருபது நிமிடம்' என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு நாள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கெடுத்தேன். வீட்டுப் பூட்டிலிருந்து நிலையம் வரை நடை 11 நிமிடம். காத்திருப்பு 7. ரயிலில் 20, அதுவரை விளம்பரம் பொய் சொல்லவில்லை. மாறி ஏறுவதில் 9. இறங்கி ஆபீஸ் லிப்ட் வரை 14. ஆக 61.

சொன்னதற்கும் இருப்பதற்கும் 41 நிமிடம் இடைவெளி. போக, வர 82. வருடத்துக்கு 220 வேலை நாள் என்று வைத்தால் 300 மணி நேரம். பன்னிரண்டரை நாள், ராத்திரி பகல் சேர்த்து. அந்த வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருந்தது உண்மைதான். அதில் உட்கார நான் வீட்டில் இல்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை.

சுவிட்சர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர்கள் புரூனோ ஃப்ரேயும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியில் திரட்டிய தகவல்களை வைத்து இதையே ஆராய்ந்தார்கள். 2008இல் வெளியான கட்டுரை. தொலைவிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சலை ஈடுகட்டும் அளவுக்கு நல்ல வீடோ சம்பளமோ கிடைத்திருக்க வேண்டும், இல்லையா? கணக்குப்படி அப்படித்தான். ஆனால் பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைந்துகொண்டேதான் போனது. வாங்கும்போது அறையை எண்ணுகிறோம், அலைச்சலை எண்ணத் தவறுகிறோம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பள்ளி நடக்கும் காலத்தில், வார நாளில், நீங்கள் நிஜமாகக் கிளம்பப் போகும் நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். தோளில் பையோடு. சாயங்காலம் அதே வழியில் திரும்புங்கள். ரயில் அந்த நிலையத்துக்கு வரும்போதே நிரம்பி வருகிறதா, ஏற முடிகிறதா என்று கவனியுங்கள். ரயில் புறப்படும் நிலையமாக இருந்தால் பத்து நிமிடம் கூடுதல் தூரமானாலும் உட்கார்ந்து போகலாம். நான் அதையே எடுப்பேன். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு 'டிராபிக்கே இல்லை சார்' என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: அந்தப் பகுதிக்குப் புது ரயில் பாதை வரப்போகிறதாம், அகலச் சாலையும் போடுகிறார்களாம். இப்போதே வாங்கினால் லாபமா?

ரயில் ஓடட்டும், பேசலாம். அகலச் சாலையைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை டுரான்டன், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் அலசி 2011இல் எழுதினார்கள்: சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது. நெரிசல் இருந்த இடத்திலேயே இருக்கும், தார் மட்டும் புதுசு.

கேள்வி: எங்கள் பட்டியலில் உள்ள ஒரு பள்ளி தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுகிறது. இன்னொன்று 93தான். முதலாவதுதானே நல்லது?
(ஒரு தந்தை)

நூறு சதவீதம் என்றால் தேர்வு எழுதியவர்களில் நூறு. எழுத விடாதவர்கள் எத்தனை பேர்? ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் வெகுவாக விலகினால், மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். முகம் மாறுவதைக் கவனிக்கலாம்.

சின்னப் பள்ளியாக இருந்தால் ஒரு வருட எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாற்பது பேர் எழுதி இரண்டு பேர் தவறினாலே 95க்கு வந்துவிடும். நாலைந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் பள்ளி நல்ல மதிப்பெண் காட்டுவதில் பள்ளியின் சாமர்த்தியம் எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு? அமெரிக்காவில் 1966இல் வந்த கோல்மன் அறிக்கையே, மதிப்பெண் வித்தியாசத்தில் குடும்பப் பின்னணியின் பங்கு பெரிது என்று காட்டியது.

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். முதல் மாணவனின் அப்பாவை விடுங்கள், அவருக்கு எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான். நடுவில் இருக்கும் பிள்ளையின் அம்மாவைத் தேடிப் பிடியுங்கள். 'கணக்கு டீச்சர் இந்த வருடத்தில் எத்தனை முறை மாறினார்?' என்று கேளுங்கள்.

கேள்வி: பிரபல பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் இருக்கிறது என்று தரகர் சொன்னதால், வழக்கத்தைவிடக் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொண்டு முன்பணம் கொடுத்தோம். பள்ளியில் கேட்டால் எல்லை எதிர்ச்சாரியோடு முடிகிறதாம். எங்கள் சாரி வேறு பள்ளிக்காம். தரகர் போனை எடுப்பதில்லை. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை.
(ஏமாந்த தம்பதி)

நீங்கள் முட்டாள்தனம் செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். இந்தப் பொய்யில் காசு இருப்பதால்தான் சொல்கிறார்கள். பாஸ்டனின் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு சாண்ட்ரா பிளாக் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மதிப்பெண் ஐந்து சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளியின் பக்கம் வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் அதிகம் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டுக்கு அந்த விலை. அதைக் கொஞ்சம் நகர்த்திச் சொன்னால் போதும், உங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

இனி போனில் பேச வேண்டாம். எல்லைக்குள் நீங்கள் இல்லை என்பதைப் பள்ளியிடமிருந்து தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். விளம்பரம், தரகர் அனுப்பிய குறுஞ்செய்திகள், பணம் கட்டிய ரசீது, எல்லாவற்றையும் படமெடுத்து வேறொரு இடத்திலும் சேமியுங்கள். விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடும். அடுத்த தவணை கேட்பார்கள், அவசரப்படுத்துவார்கள். வழக்கறிஞர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கும் முன் எதையும் கட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். தவணை தவறினாலே முன்பணம் போய்விடும் என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருக்கலாம். அவர் வழியாகவே தரகர், விற்பவர் இருவருக்கும் பணத்தைத் திருப்பித் தரக் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். தரகர் மட்டும்தான் சொன்னார், எனக்குத் தெரியாது என்பார் விற்பவர். விளம்பரத்தில் பள்ளியின் பெயர் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடுவது கஷ்டம். அதிலிருந்து தொடங்குங்கள்.

மற்றவர்களுக்கு: எல்லையைத் தரகரிடம் கேட்காதீர்கள், பள்ளியிடம் கதவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இங்கிலாந்தில் இடம் போதாத பல பள்ளிகளில் வீட்டின் தூரத்தைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். அந்தத் தூரம் விண்ணப்பங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வருடா வருடம் சுருங்கும், விரியும். போன வருடம் அடுத்த தெருவுக்கு இடம் கிடைத்தது என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: வீடியோவில் பார்த்து வீட்டை முடித்துவிட்டோம். குடிவந்த பிறகுதான் பின்னால் சாக்கடை ஓடுவது தெரிகிறது. நாற்றம் தாங்கவில்லை. யாரிடம் புகார் செய்வது?

வீடியோவில் வாசனை வராது என்பது உங்களுக்குத் தெரியாதா? வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கும் முன் ஒரு டிக்கெட் எடுத்து வந்து பார்க்க முடியவில்லை என்றால், நான் என்ன எழுதினாலும் உதவாது. சாக்கடையை மறைத்துப் படமெடுத்தார்கள் என்று நிரூபிக்க முடிந்தால் மேலே உள்ள பதிலைப் படியுங்கள். முடியாவிட்டால் ஜன்னலைச் சாத்துங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் எதிரெதிர்த் திசையில் வேலைக்குப் போக வேண்டும். சரிபாதித் தொலைவில் வீடு பார்க்கலாமா?

பாதித் தொலைவு என்பது பெரும்பாலும் இருவருக்கும் தொலைவு. பிள்ளையை யார் கூட்டி வரப்போகிறார்களோ, யாருக்கு நேரத்தை நகர்த்த முடியாதோ, அவர் பக்கம் போங்கள். அது யார் என்று வீட்டில் முதலில் பேசி முடியுங்கள். எனக்கு எழுதுவதைவிட அது கஷ்டம், தெரியும்.

கேள்வி: வீட்டுக்கும் நிலையத்துக்கும் இரண்டு கிலோமீட்டர். மடக்கு சைக்கிள் வாங்கலாமா?

என்னுடையதைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கிலோ. நிலையத்தில் எத்தனை படி என்று எண்ணாமல் வாங்கினேன். பால்கனியில் மடங்கியபடியே இருக்கிறது, இரண்டு முறைதான் விரித்தேன்.