அப்பாவின் எதிர்ப்பு சக்தி எங்கே போயிற்று?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. நுரையீரல் புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெம்ப்ரோலிசுமாப் ஊசி ஏற்றுகிறார்கள். நான்கு முறை முடிந்திருக்கிறது. பயாப்சி அறிக்கையில் 'பிடி-எல்1 60 சதவீதம்' என்று இருப்பதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவருக்குத் தோலில் அரிப்பு இருக்கிறது, சோர்வு இருக்கிறது. பத்து நாளாக வயிற்றுப்போக்கு, தினமும் ஐந்தாறு முறை. மருந்துக்கடை மாத்திரையில் அடங்கி, மறுபடியும் வருகிறது. எதிர்ப்பு சக்தி கூடட்டும் என்று சீந்தில் பொடியும் கபசுரக் குடிநீரும் கொடுக்கிறேன். சத்தாகச் சமைத்துப் போட்டிருந்தால் எதிர்ப்பு சக்தி இருந்திருக்கும், இந்த நோயே வந்திருக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கடிதத்தின் அடியில் நீங்கள் குறிப்பிட்டிருந்த எண்ணுக்கு அன்று மாலையே அழைத்து, தந்தையாரை மறுநாள் காலையில் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் காட்டும்படி சொன்னேன், இதழில் பதில் அச்சாகி வரும்வரை பொறுத்திருக்கக்கூடிய செய்தியன்று அது. அதையே இங்கே மீண்டும் எழுதுவது, இதே மருந்தை ஏற்றிக்கொண்டு, வயிற்றுப்போக்கை 'நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை' என்று கணக்கெழுதிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக. நான்கு பக்கக் கடிதத்தில் பயாப்சி அறிக்கைக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கிய நீங்கள், பத்து நாள் வயிற்றுப்போக்கை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்தது அந்த ஒரு வரிதான்.

உறவினர்களின் பேச்சுக்கு வருகிறேன். நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் தமக்குள் தயாராகும் புரதங்களின் சிறு துணுக்குகளை, எச்.எல்.ஏ. என்னும் தாங்கிகளில் ஏந்தி, வெளிச்சுவரில் காட்டிக்கொண்டே இருக்கின்றன. எதிர்ப்பாற்றலின் படைவீரனான டி அணு என்ற வெள்ளணு, ரோந்து வரும்போது அந்தத் துணுக்கைத் தொட்டுப் பார்க்கிறது. பழகியதென்றால் கடந்து போகிறது, அந்நியமானதென்றால் அந்தச் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தி, செல் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும்படி செய்கிறது. புற்றணு நம் சொந்தச் செல்லிலிருந்தே பிறந்தாலும், அதன் மரபணுக்கள் சிதைந்திருப்பதால், அது காட்டும் துணுக்குகளில் சில கோணலாக இருக்கும். ஆகவே டி அணுவால் அதை அடையாளம் காண முடியும், காணவும் செய்கிறது.

அப்படியானால் கட்டி எப்படி வளர்கிறது? கோணல் துணுக்கை வெளிப்படையாகக் காட்டிய புற்றணுக்கள் முதலில் அழிகின்றன. ஏதோ ஒரு வகையில் மறைந்துகொள்ளத் தெரிந்தவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. களையெடுப்பவரின் கண்ணுக்குத் தப்பி நெல்லைப் போலவே நிற்கும் களை, அடுத்த போகத்தில் வயல் முழுதும் பரவுவதைத் தஞ்சைப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த இழுபறி எத்தனை ஆண்டு நீடிக்கலாம் என்பதற்கு ஸ்காட்லாந்தில் நடந்து, 2003-இல் மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு ஒன்று போதும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, 16 ஆண்டுகள் எந்தத் தொல்லையுமின்றி வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்த ஒருவரின் சிறுநீரகங்களை இருவருக்குப் பொருத்தினார்கள். மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை உட்கொண்டுவந்த அந்த இருவருக்கும், கொடையாளரின் மெலனோமாவே வந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்தப் புற்றணுக்கள் அங்கேதான் இருந்திருக்கின்றன, கொடையாளரின் டி அணுக்கள் அவற்றைத் தலைதூக்க விடவில்லை.

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும் மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்கும் சில வகைப் புற்றுநோய்கள் அதிகம் வருவது உண்மை. உங்கள் தந்தையார் அந்தக் கூட்டத்தில் இல்லை. நீங்கள் எந்தக் குழம்பை வைத்திருந்தாலும், எந்தப் பருப்பை விட்டிருந்தாலும், ஒளிந்துகொண்ட புற்றணுவை அவருடைய டி அணுவுக்குக் காட்டிக்கொடுத்திருக்க முடியாது. இப்படிப் பேசும் உறவினர்களை அடுத்த முறை காபி கொடுத்து வழியனுப்பிவிடுங்கள். பதில் சொல்லித் தொண்டையை வறட்டிக்கொள்ளாதீர்கள்.

புற்றணு மறையும் வழிகள் பல. சில, எச்.எல்.ஏ. தாங்கியையே கழற்றிவிட்டு வெற்றுச் சுவராக நிற்கும். சில, சண்டையை அமர்த்தும் டி அணுக்களைத் தம்மைச் சுற்றி வரவழைத்து, டிஜிஎஃப்-பீட்டா போன்ற பொருள்களைச் சுரந்து, அந்த இடத்தையே டி அணுக்களுக்கு ஆகாத இடமாக்கிவிடும். இவற்றில் மருத்துவத்தின் கைக்கு எட்டியதும், உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததும் பிடி-எல்1 என்ற புரதம். டி அணுவின் மேல் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறது; ஜப்பானில், கியோட்டோ பல்கலைக்கழகத்தில், தசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடத்தில் 1992-இல் அதைக் கண்டறிந்தார்கள். கிருமியோடு நடந்த சண்டை முடிந்த பிறகும் டி அணுக்கள் வெறி அடங்காமல் நம் சொந்தத் திசுக்களைச் சூறையாடாதிருக்க இயற்கை வைத்த பிரேக் அது. பிடி-எல்1 அந்தப் பிரேக்கை மிதிக்கும் கால். டி அணு சண்டையிடும்போது சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமாவை மோப்பம் பிடித்தே பல புற்றணுக்கள் பிடி-எல்1-ஐ வெளிச்சுவரில் விரிக்கின்றன. கொல்ல வந்த டி அணு, வாசல் வரை வந்து, செயலற்று நின்றுவிடுகிறது. இந்தப் பிரேக்கைப் பற்றிய ஆய்வுக்காக ஹோஞ்சோவும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனும் 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இப்போது அந்த 60 சதவீதம். நோயியல் நிபுணர் பயாப்சித் துண்டில் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, நூறு புற்றணுக்களில் எத்தனையின் விளிம்பு பழுப்பு நிறமாகிறது என்று எண்ணிச் சொன்ன கணக்கு அது. நோய் 60 சதவீதம் பரவிவிட்டது என்றோ, பிழைக்க 40 சதவீத வாய்ப்புதான் என்றோ எந்த இணையப் பக்கம் உங்களுக்குச் சொன்னதோ, அதை மூடிவிடுங்கள். நுரையீரல் புற்றுநோயில் இந்த எண் 50-ஐத் தாண்டும்போது, வேறு குறிப்பிட்ட மரபணு மாற்றங்கள் இல்லையென்றால், கீமோதெரபி சேர்க்காமல் இந்த ஒரு மருந்தையே முதலில் கொடுத்துப் பார்க்கலாம் என்பது வழக்கம். உங்கள் மருத்துவர் இந்த ஊசியைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த 60 ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பெம்ப்ரோலிசுமாப் செய்வதெல்லாம், பிடி-1 பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு, புற்றணுவின் கால் அங்கே படாமல் தடுப்பதுதான். ஆனால் ஊசி இரத்தத்தில் போகிறது, கட்டிக்குள் மட்டும் போவதில்லை. உடம்பெங்கும் உள்ள டி அணுக்களின் பிரேக்கும் தளர்கிறது. சிலருக்கு அவை குடலை, நுரையீரலை, கல்லீரலை, தைராய்டைத் தாக்கத் தொடங்குகின்றன. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அது இங்கே நேர்ப்பொருளில் நடக்கிறது. ஆகவே இந்த மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு, ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதை டி அணுக்கள் உண்டாக்கிய குடல் அழற்சி என்றே கருத வேண்டும். லோபரமைடு மாத்திரை போக்கை நிறுத்தும், அழற்சியை நிறுத்தாது. மேலே அடங்கியது போலிருக்க, உள்ளே புண் ஆழமாகி, குடலில் ஓட்டை விழும் வரை போனவர்கள் உண்டு. மலப் பரிசோதனையில் கிருமித் தொற்று இல்லையென்று உறுதி செய்து, தேவையென்றால் கொலனோஸ்கோப்பி பார்த்து, ஸ்டீராய்டு தொடங்கினால் பெரும்பாலோருக்கு இது அடங்கிவிடும். சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மலத்தில் இரத்தம், வயிறு இறுகி வலித்தல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிதாக மூச்சிரைப்பு வந்தாலும் அப்படியே. நுரையீரல் நோயாளிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஊசியை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் இவை வரலாம் என்பதால், இனிமேல் பல் மருத்துவரிடம் போனால்கூட இந்த மருந்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

அரிப்பு இந்த ஊசிக்கு மிகச் சாதாரணம். கொப்புளமோ தோல் உரிதலோ இல்லாதவரை களிம்பு போதும். சோர்வுக்குத் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், எழுந்தால் தலைசுற்றல் இருந்தால் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவையும் பார்ப்பார்கள்.

சீந்தில் பொடியை இன்றே நிறுத்துங்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்திலைத் தொடர்ந்து உட்கொண்டவர்களில் சிலருக்கு, உடம்பே கல்லீரலைத் தாக்குவது போன்ற அழற்சி வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கபசுரக் குடிநீரிலும் சீந்தில் ஒரு சரக்கு. நாளை உங்கள் தந்தையாருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறினால், காரணம் ஊசியா பொடியா என்று தெரியாமல் மருத்துவர் திண்டாடுவார். நல்ல பலன் தரும் ஊசியை வீணாக நிறுத்த நேரலாம். பிரேக்கைத் தளர்த்துவதற்காக இவ்வளவு செலவழித்து மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் இன்னொருவர் ஆக்சிலேட்டரை மிதிப்பானேன்? நாட்டு மருந்து என்பதாலேயே அதை மருத்துவரிடம் மறைக்கும் வழக்கத்தை எத்தனை முறை கண்டித்தாலும் நம்மவர்கள் விடுவதில்லை.

ஐந்தாவது ஊசிக்குக் குறித்த நாளில் நேரே ஊசி ஏற்றும் அறைக்குப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை, இரவில் எழுந்து போகிறாரா, இரத்தமோ சளியோ இருந்ததா, எந்த மாத்திரை எத்தனை விழுங்கினார் என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, முதலில் மருத்துவரிடம் நீட்டுங்கள். ஏற்றலாமா, தள்ளிவைப்பதா என்பதை அதைப் பார்த்த பிறகு அவர் சொல்லட்டும்.