பொலிவியாவுக்குப் போய் ஆடும்போது அணித்தேர்வு ஏன் மாறுகிறது?

அர்ஜென்டினா ரசிகனாக என் கணக்கைச் சொல்கிறேன். லா பாஸ் மைதானம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு முறை வேகமாக ஓடினாலே மூச்சு இரைக்கும். காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்தும் வழக்கத்தைவிட விரைந்து பாயும். தூரத்திலிருந்து அடித்தால் கோல்கீப்பர் கை நீட்டுவதற்குள் வலைக்குள் இருக்கும்.

2009-இல் மாரடோனா பயிற்சியில், மெஸ்ஸியும் ஆடி, 6-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். 2023-இல் மெஸ்ஸி களமிறங்காமலே 3-0 ஜெயித்தோம். (அன்று பொலிவியாவுக்கு ஒரு சிவப்பு அட்டை விழுந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

சரி, என் தேர்வு? ஓடித் துரத்தும் ஆட்கள் வேண்டாம். நடுக்களத்தில் பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொள்ளத் தெரிந்த மூன்று பேர் போதும். அப்புறம், மாற்று வீரர்கள் ஐந்து பேரையும் 60-ஆவது நிமிடத்திலிருந்தே இறக்கத் தொடங்குவேன்.