ரீகால் பாகம் இன்னும் வரவில்லை, 12 வோல்ட் பேட்டரி திரும்பத் திரும்ப இறங்குகிறது: என்ன செய்வது?

கேள்வி: 2023-ல் மின்சார கார் வாங்கினேன். சார்ஜிங் கன்ட்ரோல் யூனிட்டுக்கு ரீகால் என்று மெசேஜ் வந்தது, சாஃப்ட்வேர் அப்டேட் செய்து கொடுத்தார்கள். அதன் பிறகும் இரண்டு முறை 12 வோல்ட் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. 'யூனிட்டையே மாத்தணும் சார், பார்ட் வரல' என்று சர்வீஸ் சென்டரில் இரண்டு மாதமாகச் சொல்கிறார்கள். அதுவரை வண்டியை ஓட்டலாமா? இறங்கிய பேட்டரிக்குத் தற்காலிகமாகக் கரன்ட் கொடுக்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் சமாளிக்க முடியுமா? யாரிடம் புகார் செய்வது? (கோவை வாசகர்)

பதில்: 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வர்ட்டர் பழுதாகியிருந்தால் ஓட்டக் கூடாது. ஜம்ப் ஸ்டார்ட்டர் அதற்கு மாற்று வழி இல்லை. ஆனால் உங்கள் வண்டியில் பழுது கன்வர்ட்டரில்தானா, 12 வோல்ட் பேட்டரியிலேயா, வேறு ஏதாவது கரன்ட்டை உறிஞ்சுகிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மின்சார காரில் இரண்டு பேட்டரி உண்டு. தரைக்கடியில் இருக்கும் பெரிய பேட்டரி மோட்டாரை ஓட்டுகிறது. அந்தப் பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலேக்கள், கம்ப்யூட்டர்கள், கதவுப் பூட்டு, விளக்கு, பிரேக் கன்ட்ரோல் எல்லாம் 12 வோல்ட்டில்தான் வேலை செய்கின்றன. பெட்ரோல் வண்டியில் ஆல்டர்னேட்டர் செய்யும் வேலையை இங்கே டிசி-டிசி கன்வர்ட்டர் செய்கிறது. பெரிய பேட்டரியின் உயர் அழுத்த மின்சாரத்தை 14 வோல்ட் அளவுக்குக் குறைத்து சின்ன பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதுதான். அது நின்றால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் வண்டி படுத்துவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 ரீகால்களில் பேசப்பட்ட பழுதை ஒத்திருக்கின்றன. இந்தக் கார்களில் ஆன்போர்டு சார்ஜரும் கன்வர்ட்டரும் ஐசிசியு என்ற ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன; உங்களுக்கு வந்த மெசேஜில் சார்ஜிங் கன்ட்ரோல் யூனிட் என்று சொல்வது இதைத்தான். சார்ஜ் ஏறும்போது வரும் மின்னழுத்தத் துள்ளலும், மாறி மாறிச் சூடாகிக் குளிர்வதும் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகளைச் சேதப்படுத்துகின்றன. இந்தியாவில் 2024 ஜூனில் ஐயோனிக் 5 கார்கள் 1,744 (2022 ஜூலை 21 முதல் 2024 ஏப்ரல் 30 வரை தயாரானவை), அடுத்த மாதம் இவி6 கார்கள் 1,138 திரும்ப அழைக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் மறுபடியும் 1,380 இவி6 கார்களுக்கு ரீகால் வந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: 2024 மார்ச்சில் ஒரு ரீகால், நவம்பரில் இன்னொன்று. முதல் ரீகாலில் வேலை முடிந்த கார்களும் இரண்டாவது பட்டியலில் இருந்தன. ஆகவே "உங்க வண்டிக்கு ஏற்கெனவே அப்டேட் ஆச்சே சார்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் 17 இலக்க சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, புதிதாக ஏதாவது ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சாஃப்ட்வேர் அப்டேட் ஏற்கெனவே சேதமான மாஸ்ஃபெட்டைச் சரிசெய்யாது. இனிமேல் சேதமாகும் வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அப்டேட்டுக்குப் பிறகும் பேட்டரி இறங்குகிறது என்றால் யூனிட்டையும் அதற்கான ஃப்யூஸையும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எல்லா ரீகாலிலும் எல்லா வண்டிக்கும் பாகம் மாற்ற மாட்டார்கள் என்பதும் உண்மை. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயிலுக்காக 2,36,966 பைக்குகளை அழைத்தபோது, 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே மாற்ற வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டது. அதனால் "உங்கள் வண்டிக்குத் தேவை" என்பதைக் காட்டும் அளவீடு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அளப்பது எப்படி?

வண்டியைப் பூட்டி நான்கைந்து மணி நேரம் விட்ட பிறகு 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6-ஐ ஒட்டி இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. பிறகு வண்டியை ஆன் செய்து 'ரெடி' நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஹெட்லைட், ஏசி புளோயர், பின் கண்ணாடி டீஃபாகர் மூன்றையும் போடுங்கள். இப்போது மீட்டர் 13-க்கு மேலே, பெரும்பாலும் 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். 12.4, 12.2, 12.0 என்று படிப்படியாக இறங்கினால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை. மீட்டரின் எண்ணும் டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கும் ஒரே காட்சியில் தெரியும்படி நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த வாதத்திலும் உங்களுக்கு உதவப் போவது இந்த வீடியோதான். தொடுவது 12 வோல்ட் முனையை மட்டும். ஆரஞ்சு நிற கேபிள் உயர் அழுத்தத்துக்கு உரியது, அதன் பக்கமே போகாதீர்கள்.

ரெடி நிலையில் 14 வோல்ட் நிலையாக வந்து, காலையில் மட்டும் பேட்டரி இறங்கிக் கிடந்தால் கதை வேறு. பேட்டரி பழசாகியிருக்கலாம், அல்லது நிறுத்தி வைத்திருக்கும்போது ஏதோ ஒன்று கரன்ட் எடுக்கிறது. வண்டி தூங்கிய பிறகு கரன்ட் இழுவை 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பதே இயல்பு. பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர் போய்விடும். 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் நாலு நாளில் பாதி காலி. டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், வெளியே பொருத்திய ஆம்ப்ளிஃபையர் எதுவாக இருந்தாலும் சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன்பே கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கழற்றாமல் போனால் பழி முழுவதும் அதன் மேல்தான் விழும். நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

ஓடும்போது கன்வர்ட்டர் போனால் பல வண்டிகளில் முதலில் 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு மின் அமைப்பைச் சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கையும், வேகம் கட்டுப்படுத்தப்படுவதைக் காட்டும் ஆமை விளக்கும் வரும். வேகம் படிப்படியாகக் குறையும். வண்டி உடனே நிற்காது, ஆனால் எவ்வளவு தூரம் போகும் என்பது 12 வோல்ட் பேட்டரியில் மிச்சம் இருப்பதைப் பொறுத்தது. வீடு வரை போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஏசி, ஆடியோ, சீட் கூலிங் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஹசார்டு விளக்கைப் போட்டு, சாலையை விட்டு இறங்குங்கள். 12 வோல்ட் முழுதாகப் போனால் பார்க்கிங் பிரேக்கையும் கியரையும் விடுவிக்க முடியாமல் வண்டி நடுச்சாலையில் பூட்டிக்கொள்ளும். ஜம்ப் ஸ்டார்ட்டரை அந்த நேரத்தில் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஃபிளாட்பெட்டில் ஏற்ற மட்டும் பயன்படுத்துங்கள். சக்கரம் உருளும்படி கட்டி இழுக்க விடவே கூடாது. ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன உலோகச் சாவியை வெளியே எடுப்பது எப்படி என்று இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாத வண்டியில் கதவைத் திறக்க அது ஒன்றுதான் வழி.

'பார்ட் வரல' என்றால் என்ன?

இந்த ஒரு பதிலுக்குப் பின்னால் மூன்று நிலைகள் இருக்கலாம். ஆர்டரே போடவில்லை. டயக்னோசிஸ் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார்கள். ஆர்டர் போட்டு, பாகம் இருப்பில் இல்லாததால் பேக் ஆர்டரில் கிடக்கிறது. சாஃப்ட்வேரை ஒரே நாளில் எல்லா டீலருக்கும் அனுப்பிவிடலாம். விலை உயர்ந்த யூனிட் அப்படி வராது. சேஸிஸ் எண், எரர் கோடு, டெக்னீஷியன் ரிப்போர்ட் மூன்றும் சேர்ந்தால்தான் பொதுவாக ஒதுக்கீடு கிடைக்கும். சர்வீஸ் வேலையைப் பதிவு செய்யும் ஜாப் கார்டைத் திறக்காமல் வாய்வார்த்தையாக "வந்ததும் கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டால் உங்கள் வண்டி வரிசையிலேயே இல்லை. நீங்கள் காத்திருந்த இரண்டு மாதத்துக்கு எந்தப் பதிவும் இருக்காது. நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்த முறை போகும்போது ஜாப் கார்டு திறக்கச் சொல்லுங்கள். "12 வோல்ட் பேட்டரி இருமுறை இறங்கியது, ரெடி நிலையில் மின்னழுத்தம் 12-க்குக் குறைகிறது" என்று நீங்கள் சொன்ன வாசகமும் நீங்கள் அளந்த எண்ணும் அதில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த எரர் கோடுகளை அழிப்பதற்கு முன் பிரின்ட் எடுத்து வாங்குங்கள். பார்ட் ஆர்டர் எண், ஆர்டர் போட்ட தேதி, அது விஓஆர் ஆர்டரா என்று கேளுங்கள். வண்டி ஓட முடியாமல் நிற்கும்போது போடும் அவசர ஆர்டருக்கு அந்தப் பெயர், அதற்கு முன்னுரிமை உண்டு. அன்று மாலையே டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். இவ்வளவு போதும்:

"சேஸிஸ் எண் ..., ஜாப் கார்டு எண் ..., தேதி ... . ரீகால் வேலை முடிந்த பிறகும் 12 வோல்ட் அமைப்பு சார்ஜ் ஆகவில்லை. அளவீடும் வீடியோவும் இணைப்பில். பாகம் எந்தத் தேதியில் வரும்? அதுவரை இந்த வண்டியை ஓட்டுவது பாதுகாப்பானதா? பாதுகாப்பில்லை என்றால் மாற்று வாகனம் எப்போது தருவீர்கள்? ஏழு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை."

"ஓட்டலாமா" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்து நடப்பதற்கு அவர்கள் பொறுப்பு. ஓட்டக் கூடாது என்றால் மாற்று வாகனத்தையோ போக்குவரத்துச் செலவையோ கேட்க உங்களுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. டாக்ஸி ரசீது, டோவிங் ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவும் மத்திய மோட்டார் வாகன விதி 127சி-யும் ரீகாலுக்கு உரியவை. விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். அரசு உத்தரவிட்டு நடக்கும் ரீகாலில் அபராதம் வாகன எண்ணிக்கையைப் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. தயாரிப்பாளர் தானாகவே குறையைத் தெரிவித்து அழைத்தால் அந்த அபராதம் கிடையாது. பரிவாகன் தளத்தின் ரீகால் பக்கத்தில் உங்கள் வண்டியின் குறையைப் பதிவு செய்யுங்கள். உங்கள் ஒருவருக்கு அதனால் உடனே பாகம் வந்துவிடாது. ஆனால் ஒரே மாடலுக்கு வரும் புகார்களின் எண்ணிக்கைதான் அரசு விசாரணைக்கு வழி திறக்கிறது, அதனால் பத்து நிமிடம் செலவழிக்கலாம்.

தாமதத்துக்கு உங்களுக்கு உண்மையில் கை கொடுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பெரிய நிறுவனங்கள் அங்கிருந்து வரும் புகாரை டீலரிடம் வரும் புகார் மாதிரி தள்ளிப்போடுவதில்லை. அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். ஐயோனிக் 5 அறிமுகமானபோது 44.95 லட்சம், இவி6 59.95 லட்சம், ஒரே பழுதுக்கு இரண்டு பேரும் வேறு வேறு வாசலுக்குப் போக வேண்டியிருக்கும். 20 முதல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய், 50 லட்சம் முதல் 1 கோடி வரை 2,000 ரூபாய். மாவட்ட ஆணையம் என்றால் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், கோவையிலிருந்து சென்னைக்கு அலைய வேண்டாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். வண்டி கம்பெனி பெயரில் இருந்தால் 'வணிக நோக்கம்' என்ற ஆட்சேபம் வரும், அப்போது முதலிலேயே வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு நாள் நியாயமான தாமதம் என்று உங்கள் கடிதத்தில் சொல்ல ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, ரீகாலுக்காக வண்டியைக் கொண்டுவந்து காட்டிய 60 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்பதற்கு அதுவே முதல்நிலைச் சான்று. இந்திய ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அங்கே பின்பற்றப்படும் காலக்கெடுவை இங்கே ஏன் கடைப்பிடிக்க முடியாது என்று கேட்பதில் தவறே இல்லை.

யூனிட் வந்து மாற்றிய பிறகு 12 வோல்ட் பேட்டரியையும் மாற்றித் தரக் கேளுங்கள். இரண்டு முறை அடிவரை இறங்கிய லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவு குறைந்திருக்கும். பழுதான யூனிட்டால் கெட்ட பேட்டரிக்கு நீங்கள் பணம் கட்டக் கூடாது. டெலிவரி எடுக்கும்போது சர்வீஸ் சென்டரிலேயே ரெடி நிலையில் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிய யூனிட்டின் பாக எண், சாஃப்ட்வேர் பதிப்பு, ரீகால் எண் மூன்றும் ஜாப் கார்டில் இருக்கட்டும். அன்று இரவே வீட்டு சார்ஜரில் முழு சார்ஜ் போட்டு, காலையில் மறுபடி 12 வோல்ட்டை அளந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்து சேஸிஸ் எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டால் ரீகால் முடிந்ததாகக் காட்ட வேண்டும். இன்னும் நிலுவை என்றே காட்டினால் அதே மின்னஞ்சல் சங்கிலியில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்த்து அனுப்பி, பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். நாளை வண்டியை விற்கும்போது வாங்குபவர் பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.