வாசகர் வட்டத்துப் பணம் யார் கணக்கில்?

கேள்வி: எங்கள் கிளை நூலகத்துக்குப் போட்டித் தேர்வு நூல்களும் இன்வெர்ட்டரும் வாங்க, வாசகர் வட்டத்துக்குப் பலர் பணம் அனுப்புகிறார்கள். எல்லாம் பொருளாளரின் ஜிபே-யில்தான் சேர்கிறது. சங்கமாகப் பதிவு செய்துவிடலாமா? நூலகரோ, கேட்காமல் எதையும் கொண்டுவராதீர்கள் என்கிறார்.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நூலகர் பக்கம்தான் நியாயம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி கிளை நூலகம் நூலக ஆணைக்குழுவின் பொறுப்பு. அதற்குத்தான் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். உள்ளே வரும் பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறவேண்டும். தணிக்கையில் பதில் சொல்லப்போகிறவர் அவர், நீங்கள் அல்ல. அதனால் இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்பே நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் கொடுங்கள். விலை என்ன, பேட்டரி போனால் மாற்றுவது யார் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

நூல்களில் இன்னும் கவனம் வேண்டும். அன்பளிப்பு மூட்டையைப் பிரித்தால் பழைய பாடத்திட்டத்து டிஎன்பிஎஸ்சி கைடு, அட்டை போன பிளஸ் டூ வினா வங்கி என்று வீட்டில் இடத்தை அடைத்ததெல்லாம் வரும். குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைக்கு அதனால் கெடுதல்தான். அங்கே உட்கார்ந்து படிப்பவர்களிடமே கேட்டுப் பட்டியல் போட்டு, அதை மட்டும் வாங்குங்கள். பதிவேட்டில் எண் விழுந்த பிறகே நூல் அலமாரிக்குப் போகட்டும். எண் இல்லாத நூல் தொலைந்தால் கேட்க நாதியில்லை. (மழைக்காலத்தில் அடித்தட்டில் எதையும் வைக்காதீர்கள். நம் ஏரியாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

பணம்தான் அவசரம். பொருளாளர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், நாளை அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் வங்கி அந்தத் தொகையை அவர் குடும்பத்திடம்தான் கொடுக்கும். வருமான வரித் துறை கேட்டால் கணக்குச் சொல்லும் பாடும் அவருடையது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் எண்ணை இன்றே எடுத்துவிடுங்கள்.

விருப்பமுள்ளவர்கள் நூலகத்திலேயே 1,000 ரூபாய் கட்டி, ரசீது பெற்றுப் புரவலர் ஆகலாம். பலருக்கு இதுவே போதும்.

ஆண்டுதோறும் தொடர்ந்து வசூல் வரும் என்றால் மட்டும் சங்கம். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி 7 பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பிறகு வருடாவருடம் பொதுக்குழு, தணிக்கை, மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு. ஓர் இன்வெர்ட்டருக்காக இத்தனை பாடு தேவையா என்று யோசியுங்கள். பதிவு செய்ததுமே நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு வருமான வரித் துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கும், புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் அந்தச் சலுகை கிடையாது.