ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், சைலன்சருக்கு?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தோப்பு வீட்டில் இருக்கிறேன். போன வருடம் 0.177 ஏர் ரைபிள் ஒன்று, காற்றடைத்துச் சுடும் பிசிபி வகை, கடையில் பில்லோடு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பா வைத்துச் சுடுவேன், அவ்வளவுதான். சத்தத்துக்காகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சண்டைக்கு வந்ததால், ஆன்லைனில் 'ஏர்கன் மாடரேட்டர்' என்று விற்ற குழாயை வாங்கி மாட்டினேன். யாரோ மனு கொடுத்துவிட்டார்கள். எஸ்.ஐ. வந்து ரைபிளையும் குழாயையும் எடுத்துப் போய்விட்டார், திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார். லைசென்ஸே வேண்டாத துப்பாக்கிக்கு எப்படி கேஸ் வரும்? லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பன் வேறு, இதைவிட நல்லதாக ஒன்று கடைந்து தருகிறேன் என்கிறான்.

பதில்: முதலில் அந்த நண்பருக்கு ஃபோன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சலுகை ரைபிளுக்குத்தான், அதன் முனையில் திருகிய குழாய்க்கு இல்லை. உங்களைப் போல நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். வெடிமருந்து இல்லாததால் ஏர்கன் துப்பாக்கியே அல்ல, அதனால் அதில் எதை மாட்டினாலும் சட்டம் கேட்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. வெடிமருந்தாலோ வேறு எந்த வகை ஆற்றலாலோ குண்டை வெளியே தள்ளுகிற எதுவும் துப்பாக்கிதான். அழுத்திய காற்றும் 'வேறு வகை ஆற்றல்' என்பதில் அடங்கிவிடுகிறது. அதே வரையறைக்குள், சுடும்போது எழும் சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கச் செய்த துணைக்கருவியும் துப்பாக்கிதான் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, சட்டத்தின் கண்ணில் உங்கள் கையில் இருந்தது இரண்டு பொருள். ஒன்றுக்கு விலக்கு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. அதிலும் சத்தம் குறைக்கும் கருவியை ஆயுத விதிகள் முதல் வகைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. கலெக்டர் ஆபீசில் மனு எழுதிக் கொடுத்து லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்கிற சமாச்சாரம் அல்ல அது.

விற்றவர் 'மாடரேட்டர்' என்று போட்டாரா, 'மஃப்ளர்' என்று போட்டாரா என்பதெல்லாம் எடுபடாது. யூட்யூபில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் கொல்லையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏர்கன் மாடரேட்டருக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. அது அவர் ஊர்ச் சட்டம்.

அந்தக் குழாயை உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்கு ஆயுதச் சட்டத்தின் 25 (1பி) (ஏ) பிரிவு. 2019 திருத்தத்துக்கு முன் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை தண்டனை, இப்போது குறைந்தது இரண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு, அபராதமும் உண்டு. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம், கோர்ட் பார்த்துத்தான் தரும், அதனால் திங்கட்கிழமைக்கு முன் முன்ஜாமீன் பற்றி உங்கள் ஊர் வக்கீலிடம் பேசிவிடுங்கள். இனி நண்பர் விஷயம். லேத்தில் ஒன்றைக் கடைந்தால் அது 'வைத்திருத்தல்' அல்ல, 'உற்பத்தி'. உரிமம் இல்லாத உற்பத்திக்கு அதே 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரை போகலாம். பித்தளைத் துண்டும் அரை நாள் வேலையும்தான் அவருக்கு. ஆனால் சட்டம் அவரை நாட்டுத் துப்பாக்கி செய்பவரோடு ஒரே பிரிவில் நிறுத்திவிடும்.

ரைபிள் பற்றியும் கொஞ்சம் எச்சரிக்கை. 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம் என்றால் இரண்டும் பொருந்த வேண்டும்: குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, குண்டு முனையை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. 0.177 அங்குலம் என்பதுதான் 4.5 மில்லி, அதில் பிரச்சினை இல்லை. ஆற்றல்தான் இடிக்கும். அரை கிராம் பெல்லட் (ஏர்கன் குண்டு) நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் 19.6 ஜூல், தப்பித்தீர்கள். அதே பெல்லட் 300 மீட்டர் வேகத்தில் போனால் 22.5 ஜூல், லைசென்ஸ் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். பிசிபி ரைபிளில் பவர் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது கை வைத்திருந்தால் பில்லில் என்ன எழுதியிருந்தாலும் சோதனையில் வரும் எண்தான் பேசும். கை வைத்திருந்தால் உங்கள் வக்கீலிடமாவது மறைக்காதீர்கள். 0.22 ரைபிள் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன், அது 5.5 மில்லி. எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ் வேண்டும்.

உங்கள் பக்கம் என்ன இருக்கிறது? கொஞ்சம் இருக்கிறது. அந்தக் குழாய் உண்மையிலேயே சத்தத்தைக் குறைக்கச் செய்ததுதானா என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அதற்கு சென்னை தடய அறிவியல் துறையிலிருந்து நிபுணர் அறிக்கை வர வேண்டும். அழகுக்காக முனையில் மாட்டும் வெற்று உலோகக் கூடுகளையும் இதே பெயரில் விற்கிறார்கள், உள்ளே ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்தால் கேஸ் அங்கேயே ஆட்டம் காணும். இரண்டாவது, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கும் 3ஆவது பிரிவுக் குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39ஆவது பிரிவு. அந்த அனுமதி இல்லாமலோ, கோப்பைப் பார்க்காமல் போட்ட கையெழுத்திலோ வழக்கு வந்தால் அதைக் கேள்வி கேட்கலாம். மூன்றாவதாக, விலக்குப் பெற்ற ரைபிளுக்கான துணைக்கருவிக்கும் விலக்கு உண்டு என்று வாதாடிப் பார்க்கலாம். கோர்ட்டில் நானே அதை எழுப்புவேன், ஆனால் அதை நம்பி ஒரு குழாயை வாங்கச் சொல்ல மாட்டேன். 'சின்ன உதிரிபாகம்தானே, 45ஆவது பிரிவில் விலக்கு உண்டே' என்று சிலர் கிளப்பிவிடுவார்கள். அந்த விலக்கு துப்பாக்கியோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத பாகத்துக்கு. நீங்களோ மாட்டியே சுட்டிருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை போகாமல் இருக்காதீர்கள். வாய்மொழியாகக் கூப்பிட்டிருந்தால் பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35 (3) பிரிவில் எழுத்து நோட்டீஸ் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எடுத்துப் போன பொருள்களுக்கு மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் குறிப்பு) போட்டார்களா, உங்களுக்கு நகல் கொடுத்தார்களா, பறிமுதலை வீடியோ எடுத்தார்களா என்று இன்றே ஞாபகமாக எழுதி வையுங்கள். அதே பி.என்.எஸ்.எஸ்.ஸின் 105ஆவது பிரிவு வீடியோவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பல ஸ்டேஷன்களில் இன்னும் பழைய பழக்கத்திலேயே மகஜரை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். ரைபிள் பில், ஆன்லைன் ஆர்டர் விவரம் இரண்டையும் வக்கீலிடம் கொடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பயத்தில் வாட்ஸப் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள், தடயத்தை அழித்தார் என்று இன்னொரு பிரிவைச் சேர்க்க நீங்களே வழி செய்துகொடுத்தது போல ஆகும்.

மனுவில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பொள்ளாச்சி தோப்பு என்கிறீர்கள், மயில் வராமல் இருக்காது. சைலன்சர் மாட்டிய துப்பாக்கி என்றதுமே அதிகாரிகள் மனதில் வருவது டப்பா அல்ல, வேட்டை. மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, அதைச் சுட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை. நீங்கள் டப்பாவை மட்டும்தான் சுட்டீர்கள் என்றால் சுட்ட அட்டை, டப்பா, பெல்லட் பிடிக்கும் பெட்டி எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். உங்களுக்காகப் பேச அவைதான் இருக்கின்றன.

ரைபிள் திரும்பக் கிடைத்தால் சத்தத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காதில் விழுவதில் ஒரு பங்கு, பெல்லட் தகரத்தில் அடிக்கும் சத்தம். டப்பாவை விட்டுவிட்டு, பழைய துணியை இறுக்கி அடைத்த மரப்பெட்டிக்கு முன்னால் அட்டையை வைத்துச் சுடுங்கள், பின்னால் மண்மேடு இருக்கட்டும். அதற்கு யாருடைய உரிமமும் வேண்டாம்.